இலக்கம் நூற்றிப்பதின்மூன்று

சிவப்பு மை ஆடி மாதத்தோடு முடிந்துவிட்டது.
அதன்பிறகு செத்தவர்களின் பெயருக்குக் கீழே
இரண்டு கோடு.
கையோ காலோ போனவர்களுக்கு ஒன்று.
யாரும் சொல்லித் தந்ததல்ல.
தலைமை எழுதுவினைஞர் வள்ளமேறிப் போய் மூன்று கிழமை.
நானே போட்ட சட்டம்.

அச்சடித்த கொப்பிகளும் தீர்ந்தபோது
பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடமொன்றின்
வரவு இடாப்பைக் கொண்டுவந்து தந்தார்கள்.
முதற்பக்கத்தில் ஒரு ரீச்சரின் வடிவான கையெழுத்து:
தரம் மூன்று, ஆ பிரிவு.
அதை வெட்ட மனம் வரவில்லை.
அதற்குக் கீழேயே தொடங்கினேன்.

ஜாம் போத்தலுக்குள் பஞ்சு,
ஒரு மிடறு மண்ணெண்ணெய்.
அந்த வெளிச்சம் ஒரு வரிக்குத்தான் காணும்.
அடுத்த வரிக்குப் போத்தலை நகர்த்தவேண்டும்.

சந்தியாப்பிள்ளை ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போதே கத்துவார்:
"ஆம்பிளை! சேட்டுப் பையிலை அடையாள அட்டை!"
அட்டை இருந்தால் எனக்கு வேலை மிச்சம்.
இல்லாதவர்களுக்கு
நான் உடம்பை வாசிக்கவேண்டும்.
இடது புருவத்தில் தழும்பு.
சாரத்தின் கரையில் பச்சைப் பூ.
வலது பெருவிரலில் நகமில்லை, பழசு.
பழசா புதிசா என்று பார்த்து எழுதவேண்டும்.
புதிய காயத்தை வைத்து
எந்தத் தாயும் பிள்ளையைக் கண்டுபிடிக்கமாட்டாள்.

நூற்றிப்பதின்மூன்றுக்கு அட்டை இருந்தது.
வல்லிபுரம் குலநாயகம், அரியாலை.
சந்தைப் பக்கம் விழுந்த குண்டு.
மனிசி வந்தா. சேட்டைப் பார்த்தா.
முகம் காட்டவில்லை,
காட்ட ஒன்றும் இருக்கவில்லை.
கையொப்பம் வாங்கினேன்.
இரண்டு கோடு.

முப்பத்தாறாம் நாள்
சைக்கிளைக் கைவிடாமல் பிடித்தபடி
யன்னலுக்கு வெளியே ஒருவர் நின்றார்.
"தங்கச்சி, நான் செத்தது பிழை."

கூப்பன் மட்டையில் அவர் பெயரை வெட்டிவிட்டார்களாம்.
ஆஸ்பத்திரிக் கடிதம் இல்லாமல்
சங்கக்கடையில் மாவும் இல்லை, சீனியும் இல்லை.
"அவள் கீரிமலையிலை அந்தியேட்டியும் முடிச்சிட்டாள்.
படலைக்குள்ளை என்னைக் கண்டவுடனை
விளக்குமாத்தாலை அடிச்சாள்.
பேந்துதான் அழுதாள்."
சொல்லிவிட்டுச் சிரித்தார்.
நானும் சிரித்தேன், இடாப்பைத் திறக்கும்வரை.

"உங்கட சேட்டுக்குள்ளை கிடந்தது ஆர்?"

கிளாலிக் கரையில் நல்ல மழை.
உப்பு மூட்டை கட்டின சைக்கிளோடு ஒரு ஆள்
நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றதாம்.
பையிலிருந்த காய்ந்த சேட்டை எடுத்துக் கொடுத்தாராம்.
அட்டை அதற்குள் கிடந்தது
வள்ளம் பாதிவழி போனபிறகுதான் நினைவு.
"பேர் கேக்கேல்லையோ?"
"மழைக்குள்ளை ஆர் பிள்ளை பேர் கேக்கிறது?"

ரூலர் வைத்துக் குலநாயகத்தை வெட்டினேன்.
ஒருவரை உயிர்ப்பிக்க
அரை நிமிடமும் ஆகவில்லை.
வெட்டிய பெயருக்கு மேலே எழுதினேன்:
பெயர் தெரியாது.
மாதக் கூட்டுத்தொகை மாறவில்லை.

அடுத்த கட்டம் அடையாளம்.
வெறுமையாகக் கிடந்தது.
அட்டை இருந்ததால்
அன்று நான் அந்த உடம்பை வாசிக்கவில்லை.
தழும்பு இருந்திருக்கலாம்.
உப்பில் வெடித்த கைகளாக இருந்திருக்கலாம்.
நாளைக்கு ஒருத்தி வந்து இந்த யன்னலில் நின்றால்
கொடுக்க என்னிடம் இன்னொருவருடைய சேட்டுத்தான்.

குறிப்பு என்ற கட்டத்தில்,
விரல்நுனி அகலம் இருக்கும், எழுதினேன்:
உப்பு மூட்டை. சைக்கிள். நனைந்திருந்தார்.
அந்தியேட்டி ஆயிற்று, வேறு பெயரில்.

முத்திரை மை காய்ந்திருந்தது.
வாயால் ஊதி ஊதி அழுத்தினேன்.
அரைவாசிதான் விழுந்தது. காணும் என்றார்.

கடிதத்தை நாலாக மடித்துச்
சேட்டுப் பைக்குள் வைத்தார்.
படியிறங்கும்போது நின்று
அதை வெளியே எடுத்தார்.
கையிலேயே பிடித்துக்கொண்டு
சைக்கிளை உருட்டிப் போனார்.